சின்ன ஊருக்கு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை கட்டுப்படியாகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுடையது சுமார் 25,000 பேர் வாழும் பேரூராட்சி. வீட்டில் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்துவைத்துத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் அது மற்ற குப்பையோடு ஒரே வண்டியில் போய் ஊர் எல்லைக் குப்பைமேட்டில் விழுகிறது, அவ்வப்போது தீயும் வைத்துவிடுகிறார்கள். இந்த நேரத்தில் ஒரு நிறுவனம் 40 லட்சம் ரூபாய்க்கு மறுசுழற்சி ஆலை அமைத்துத் தருவதாகவும், பிளாஸ்டிக்கை விற்ற காசிலேயே மூன்று வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்றும் சொல்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போடலாமா, கட்டுப்படியாகுமா, பாக்கெட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஏன் பணம் கொடுக்கக்கூடாது என்று கேட்கிறீர்கள். கேள்வி ஆலையின் விலையைப் பற்றி இருந்தாலும், பிரித்துக் கொடுத்த பிளாஸ்டிக் நிஜமாகவே எங்காவது மறுபடி பயன்பட வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது என்பதுதான் உங்கள் கவலை என்று புரிந்துகொள்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பாலிமர் தொழில்நுட்பம் படித்தவன். முதலில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ‘தானா’ எனப்படும் சிறு பிளாஸ்டிக் மணிகள் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். பிறகு பல வருடங்களாக உள்ளாட்சிகள் தரம் பிரிக்கும் கூடங்கள் அமைக்க உதவி வருகிறேன். சிமென்ட் சூளைக்குள் வேலை செய்தவன் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு விஷயங்களில் விதிகளில் தெளிவாக இருப்பதை மட்டும் சொல்கிறேன். மற்றதில் தைரியமாகப் பேசலாம்.

நேரடியான பதில்: ஆலை வாங்காதீர்கள். உங்கள் ஊருக்கு வேண்டியது, பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, சரியான ஆலைகளுக்கு அனுப்பிவைக்கும் ஒரு கூடம். அந்தக் கூடமும் விற்ற காசில் மட்டும் ஓடாது. ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் உங்கள் ஊரில் எவ்வளவு பிளாஸ்டிக் வருகிறது என்று பார்ப்போம். சின்ன ஊர்களில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் குப்பை என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. 25,000 பேருக்கு 7.5 டன். அதில் பிளாஸ்டிக் எவ்வளவு? மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 60 நகரங்களில் எடுத்த ஆய்வில் சராசரியாக 7 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஊருக்கு ஊர் 3 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் வரை மாறியது. 7 என்றே எடுத்தால் உங்கள் ஊரின் பிளாஸ்டிக் நாளைக்குச் சுமார் 525 கிலோ. வாசலில் வந்து கேட்கும் பழைய பேப்பர்காரருக்கும் காயலான் கடைக்கும் நல்ல பாட்டில், பக்கெட், உடைந்த நாற்காலி எல்லாம் ஏற்கெனவே போய்விடுவதால், குப்பை வண்டிக்கு வருவதில் கவர்களும் பாக்கெட்டுகளும்தான் அதிகம்.

இப்போது ஆலையைப் பாருங்கள். அரைத்து, கழுவி, உருக்கி, தானா எடுக்கும் ஒரு சாதாரண லைன் மணிக்கு 200 கிலோவிலிருந்து 500 கிலோ வரை தின்னும். அதாவது உங்கள் ஊரின் ஒரு நாள் பிளாஸ்டிக் மொத்தமும் அதற்கு இரண்டு மூன்று மணி நேர வேலைக்குக்கூடக் காணாது. மீதி நேரம் இயந்திரம் சும்மா நிற்கும். ஆனால் கடனுக்கு வட்டி ஓடும், ஆபரேட்டருக்குச் சம்பளம் ஓடும், மூன்று பேஸ் மின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் ஓடும். வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் வாங்கிப் போட்டு ஓட்டலாமே என்று அந்த நிறுவனம் சொல்லும். சொன்னால், நீங்கள் ஊர்க் குப்பைக்குத் தீர்வு தேடுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே போட்டி கடுமையாக உள்ள ஒரு தொழிலில் முதல் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் ஒரே பொருள் கிடையாது. தண்ணீர் பாட்டில் பெட் என்ற வகை. பால் கவர் எல்.டி. ஷாம்பு டப்பா, பினாயில் டப்பா எச்.டி. ஓட்டலில் சாம்பார் தரும் டப்பா பெரும்பாலும் பி.பி. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், எல்.டி.க்கு 110-ஐ ஒட்டிய சூடு போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருக்கினால் ஒன்று கருகும், அல்லது மற்றது உருகாமல் கட்டிகட்டியாக நிற்கும். ஒரே சூட்டில் சேர்த்து உருக்கக்கூடிய வகைகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. எல்.டி.யோடு பி.பி. கொஞ்சம் அதிகமாகக் கலந்தாலே வரும் பொருள் வளைத்தால் உடைந்துவிடும். இதில் எல்லாரும் பயப்பட வேண்டியது பி.வி.சி.க்கு. ரெக்சின், பைப் துண்டு, மாத்திரை அட்டையின் கண்ணாடி மாதிரி இருக்கும் பக்கம் போன்றவை பி.வி.சி. பெட் உருகும் சூட்டில் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். ஒரு மூட்டை பெட்டில் கைப்பிடி பி.வி.சி. இருந்தாலே தானா மஞ்சளாகி விலை விழும், இயந்திரத்தின் உட்புறமும் அரிக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்பார்கள். எல்.டி., எச்.டி., பி.பி. மூன்றும் மிதக்கும், பெட் மூழ்கும், அது சரிதான். ஆனால் பி.வி.சி.யும் மூழ்கும். தொட்டியால் தீராத இந்தச் சிக்கலை அனுபவமுள்ள கைகள்தான் தீர்க்கின்றன. நல்ல தரம் பிரிப்பாளர் ஒரு கவரைக் கசக்கும் சத்தத்திலேயே அது எந்த வகை என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமைக்கு இந்தத் தொழிலில் உள்ள மதிப்பு 40 லட்ச இயந்திரத்தைவிட அதிகம். அதற்கு நாம் கொடுக்கும் கூலியோ மிகக் குறைவு.

கழுவும் தண்ணீரையும் யோசியுங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டும் பால் கவரும் கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட முடியாது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலை நிறுவ ஒரு இசைவாணை, ஓட்ட ஒரு இசைவாணை, பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மறுசுழற்சியாளராகத் தனிப் பதிவு என்று எல்லாம் வேண்டும். 40 லட்சத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு அடங்குமா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

சரி, தரம் பிரித்த பிளாஸ்டிக் எங்கே போகும்? இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி இது: பெட் பாட்டில், எச்.டி. டப்பா, பி.பி. சாமான்கள், சுத்தமான பால் கவர் இந்த நான்குக்கும் வாங்க ஆள் உண்டு. பெட் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. எச்.டி.யும் பி.பி.யும் பக்கெட், நாற்காலி, கயிறு, குழாய் என்று மாறுகின்றன. கலர் கவர்கள் கறுப்புக் குப்பைப் பையாகவும் தோட்டத்து ஹோஸாகவும் திரும்பி வருகின்றன. பாட்டில் மறுபடி பாட்டிலாவது குறைவுதான், அடுத்த சுற்றில் அந்த இழைத்துணி மறுபடி மறுசுழற்சியாவது அதைவிடக் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது என்று 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பணக்கார நாடுகளும் இதில் கெட்டிக்காரர்கள் இல்லை. அவர்கள் பல வருடம் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். 2018 தொடக்கத்தில் சீனா கதவை மூடியதும் எங்கே கொட்டுவது என்று தவித்தார்கள்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கும் அல்லவா, அது என்ன வகை என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. 7 போட்ட பெரும்பாலான பொருள்களை உங்கள் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள்.

சிக்கல் எல்லாம் விற்காத பாதியில் இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் உறை, மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே ஆகியவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் வேறொரு பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். இந்த அடுக்குகளைப் பிரிக்கும் ஆலை ஒரு பேரூராட்சிக்கு எட்டும் தூரத்தில், எட்டும் செலவில் கிடையாது. இதற்கு நம்மிடம் நடைமுறையில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின் மேல் துண்டு துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி மெல்லிய பூச்சாகப் படியும், அதன் பிறகு தார் கலப்பார்கள். 2015-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பெரிய நகரங்களைச் சுற்றிய தார்ச்சாலைகளில் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலைக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும் என்பது வழக்கமான கணக்கு. மெல்லிய கவர்கள் இதற்குத் தோதானவை. பி.வி.சி. கூடவே கூடாது. ஆனால் உங்கள் ஊரில் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் புதுச்சாலை போடுகிறார்கள்? பத்து கிலோமீட்டர் போட்டால்கூட 10 டன்தான். உங்கள் ஊரின் கவர்களும் பாக்கெட்டுகளும் இரண்டு மாதத்தில் அந்த அளவைத் தாண்டிவிடும்.

இரண்டாவது வழி சிமென்ட் ஆலை. சூளையில் மூலப்பொருள் 1,400 டிகிரிக்கு மேல் சூடாகிறது. நிலக்கரியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இந்தக் கழிவை எரிபொருளாகக் கொடுக்கலாம். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, கழிவிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள திட எரிபொருள் பயன்படுத்தும் தொழிற்சாலைகள், குறைந்தது 5 சதவீதம் இதைச் சேர்க்க வேண்டும் என்றன. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் வரிசையாக இருப்பது டெல்டா மாவட்டக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். நான் இதை மறுசுழற்சி என்று சொல்ல மாட்டேன், எரிப்பதுதான். ஆனால் குப்பைமேட்டில் 300, 400 டிகிரியில் புகைந்து எரிவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். பணத்தைப் பொறுத்தவரை, ஆலை உங்களுக்குக் காசு தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறைய இடங்களில் லாரி வாடகையை உள்ளாட்சியே கொடுக்கிறது. ஈரமாகவோ மண்ணோடோ போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இப்போது கூடத்தின் செலவு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், உங்கள் கூட்டத்தில் பேச உதவும். முதலீடு என்று பார்த்தால் கூரை, சிமென்ட் தரை, பிரிக்கும் மேசைகள், செங்குத்தாக அழுத்தும் ஒரு பேலிங் மெஷின், எடை மெஷின், கழிப்பறை, குடிநீர், தீயணைப்பு ஏற்பாடு. தூய்மை பாரத இயக்கத்தின் கிராமப்புறப் பிரிவில் இரண்டாம் கட்டத்தில் ஒரு ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைக் கூடத்துக்கு 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கினார்கள். நீங்கள் பேரூராட்சி என்பதால் அந்தப் பணம் உங்களுக்கு வராது, நகர்ப்புறப் பிரிவில்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அது ஒரு நல்ல அளவுகோல். பேரூராட்சிக்குச் சொந்தமான இடம் இருந்தால், பல ஊர்களில் இருப்பது போல, குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்கா ஒன்று பெயரளவிலாவது ஏற்கெனவே இருந்தால், செலவு இன்னும் குறையும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். கொட்டகையும் பழுதான பேலிங் மெஷினும் பூட்டிக்கிடப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பூட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டடத்துக்கு நிதி வந்தது, மாதச் சம்பளத்துக்கு வரவில்லை.

அதனால் மாதச் செலவுதான் முக்கியம். கீழே உள்ளவை நான் ஊகித்துப் போடும் எண்கள், உங்கள் ஊர்க் கூலிக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக் குப்பையில் வரும் பிளாஸ்டிக்கை ஒருவர் ஒரு நாளில் 100 கிலோ அளவுக்குச் சரியாகப் பிரிக்கலாம், அதுவும் ஈரக்குப்பை கலக்காமல் வந்தால். 525 கிலோவுக்கு ஆறு பேர், பேலிங் மெஷினுக்கு ஒருவர், கணக்கும் மேற்பார்வையும் பார்க்க ஒருவர், மொத்தம் எட்டுப் பேர். பி.எஃப்., காப்பீடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 15,000 என்றால் 1,20,000 ரூபாய். மின்சாரம், பழுது, கையுறை, காலணி, சோப்பு எல்லாம் 30,000. விற்காததைச் சிமென்ட் ஆலைக்கு ஏற்றிவிட 30,000. ஆக 1,80,000 ரூபாய். வரவு என்ன? மாதம் வரும் 15, 16 டன்னில் விற்கும் தரத்தில் பாதி தேறினால் 8 டன். நல்லதும் மட்டமும் கலந்து சராசரியாகக் கிலோவுக்கு 10 ரூபாய் கிடைத்தால் 80,000. மாதப் பற்றாக்குறை ஒரு லட்சம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் உங்கள் ஊரில் 6,250 வீடுகள். ஒரு வீட்டுக்கு மாதம் 16 ரூபாய்.

ஆனால் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் எல்லா வீடும் பிரித்துத் தராது. பாதி வீடுகள்தான் தருகின்றன என்றால் விற்பனை 40,000-ஆகக் குறையும், சம்பளம் குறையாது. அப்போது வீட்டுக்கு 22, 23 ரூபாய் என்று வரும். இதில் வீடு வீடாகப் போய் எடுக்கும் செலவைச் சேர்க்கவில்லை. அது பேரூராட்சி ஏற்கெனவே செய்யும் வேலை, ஒரே வண்டியில் நடுவே ஒரு தடுப்பு வைத்து மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னால் போதும். முதலீட்டின் தேய்மானத்தையும் சேர்க்கவில்லை. எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வசூலித்தால் கூடம் நிம்மதியாக ஓடும் என்பது என் கணிப்பு.

இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைந்த எண் எது என்று கேட்டால், அந்த 10 ரூபாய். பழைய பிளாஸ்டிக்கின் விலை புது பிளாஸ்டிக்கின் விலையைப் பின்தொடர்கிறது. புது பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயைப் பின்தொடர்கிறது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்தபோது பழைய சரக்கை வாங்க ஆளில்லாமல், அழுத்திக் கட்டிய பிளாஸ்டிக் பேல்கள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. மூன்று வருடத்தில் முதல் திரும்பும் என்று சொல்பவர் எந்த விலையை வைத்துச் சொல்கிறார், அந்த விலை பாதியானால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கூலியைப் பற்றிய எண் அப்படி ஆடாது. அதனால்தான், சரக்கை விற்ற காசை நம்பி ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் திட்டம் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. சம்பளம் வீட்டுக் கட்டணத்திலிருந்து வரட்டும். விற்ற காசு பழுது பார்க்கவும் போனஸுக்கும் போகட்டும்.

வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கினால் மக்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைப்பீர்கள். வருவார்கள்தான். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே குடும்பஸ்ரீ என்ற மாநில அரசின் மகளிர் குழுத் திட்டத்துப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீட்டுக்கு வந்து சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மாதம் 50 ரூபாயை ஒட்டி ஒரு கட்டணம் வாங்குகிறது. எதிர்ப்பு நிறைய இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பல நாள் எரிந்து நகரமே புகையில் மூழ்கிய பிறகு, அரசு இந்த வேலையை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டது. புனேயில் 2008 முதல் குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக உள்ள ஸ்வச் என்ற கூட்டுறவு, வீடுகளிடமிருந்து நேரடியாகக் கட்டணம் வாங்கி நடக்கிறது. இந்த இரண்டிலும் நான் முக்கியமாக நினைப்பது, கட்டணம் யார் கைக்குப் போகிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிவது. உங்கள் ஊரிலும் ஏற்கெனவே சாக்கோடு குப்பைமேட்டில் பொறுக்கும் ஆட்கள் இருப்பார்கள், காயலான் கடை இருக்கும். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கூடம் தொடங்காதீர்கள். முதல் எட்டு வேலையும் அவர்களுக்கே கொடுங்கள். வகை தெரிந்த கைகள் அவைதான். குப்பை சேகரிப்பவர்களை இந்த வேலையில் சேர்க்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகளும் சொல்லியிருந்தன.

பாக்கெட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஏன் பணம் கொடுக்கக்கூடாது என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சட்டப்படி கொடுக்க வேண்டும். உற்பத்தியாளரின் விரிவான பொறுப்பு பற்றிய வழிகாட்டுதல்கள் 2022 பிப்ரவரியில் வந்தன. நிறுவனங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கில் 2021-22-இல் 25 சதவீதம், அடுத்த வருடம் 70 சதவீதம், 2023-24 முதல் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதாகக் காட்ட நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ், மத்திய வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் அல்லது கழிவைக் கையாளும் ஆலையின் பெயரில்தான் உருவாகிறது. தெருவில் எடுத்துப் பிரித்துக் கொடுத்த பேரூராட்சியின் பெயரில் வராது. அந்தச் சான்றிதழை விற்ற காசில் உங்களுக்குப் பங்கு வேண்டுமானால், யாருக்குச் சரக்கு கொடுக்கிறீர்களோ அவரோடு ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். முக்கியமாக, விற்காத பாக்கெட்டுகளை ஏற்றும் லாரி வாடகையை அவர் ஏற்க வேண்டும் என்று பேசுங்கள். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பேசினால் கிடைக்காது, பக்கத்துப் பேரூராட்சிகள் நாலைந்து சேர்ந்து பேசினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதை நம்பி வரவு செலவுத் திட்டம் போடாதீர்கள். சான்றிதழின் விலை நிலையில்லாதது, போலிச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டதும் நடந்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. இந்த மாதிரி ஊர்களுக்கு ஆலை விற்க வருகிறவர்கள் அடுத்து ‘புகையில்லா எரிப்பான்’ என்றோ, பிளாஸ்டிக்கிலிருந்து டீசல் எடுக்கும் மெஷின் என்றோ கொண்டுவருவார்கள். சின்ன எரிப்பானில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பி.வி.சி. கலந்த குப்பை அந்தச் சூட்டில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும், அது கண்ணுக்குத் தெரியும் புகையாக இருக்க வேண்டியதில்லை. டீசல் மெஷினைப் பொறுத்தவரை வேதியியல் உண்மைதான், காற்றில்லாமல் சூடாக்கினால் எண்ணெய் வரும். ஆனால் வீட்டுக் குப்பையைப் போட்டால் தரமற்ற, அமிலம் கலந்த எண்ணெய் வரும், கசியும் வாயுவுக்குத் தீப்பிடிக்கும் குணம் உண்டு. பயிற்சி பெற்ற ஆட்களும் பெரிய அளவும் இல்லாமல் ஒரு பேரூராட்சி அதில் இறங்குவது ஆபத்து. இப்போது குப்பைமேட்டில் தீ வைக்கிறார்களே, அதற்கு 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். அதைச் சுட்டிக்காட்டி மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுக்கலாம், அதற்குக் கூடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தீ என்றதும் கூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டிவைத்த பேல்கள் முழுக்க எரிபொருள். வயரிங் ஒழுங்காக இருக்க வேண்டும், பீடி சிகரெட் உள்ளே கூடாது, ஒரு லாரி லோடு சேர்ந்ததும் அனுப்பிவிட வேண்டும். நல்ல விலை வரட்டும் என்று மாதக்கணக்கில் அடுக்கிவைத்த கூடங்கள்தான் எரிந்திருக்கின்றன.

வீட்டில் நீங்கள் செய்வதில் சின்னத் திருத்தங்கள். சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு அலசிக் காயப்போட்டால் போதும். ஈரம்தான் பெரிய எதிரி. பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள், ஒட்டியபடியே கிழியுங்கள். அந்தத் துணுக்குகளை யாராலும் பொறுக்க முடியாது, அப்படியே சாக்கடைக்குப் போகும். மூடியைப் பாட்டிலோடே மூடி, பாட்டிலை நசுக்கிக் கொடுங்கள். நாப்கின், டயப்பர், ஊசி, பிளேடு எதுவும் பிளாஸ்டிக் பையில் கலக்கவே கூடாது, தனியாக மடித்துக் குறியிட்டுக் கொடுங்கள். பிரிக்கும் பெண்களின் கையில் ஊசி குத்துவது அபூர்வம் இல்லை, வாராவாரம் நடக்கிறது.

குப்பையையே குறைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செலவுக் கணக்கில் அது நேரடியாக வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தூக்குப்பை, பிளாஸ்டிக் கப், தட்டு எல்லாம் எந்தக் கனத்தில் இருந்தாலும் தடைதான். சந்தையில் அது எந்த லட்சணத்தில் அமலாகிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஊர் வாரச்சந்தையில் அதை மட்டும் ஒழுங்காக அமல்படுத்தினாலே, எந்த ஆலையும் வாங்காத அந்த மெல்லிய கவர்களில் ஒரு பெரிய பங்கு கூடத்துக்கு வராது. முன்பணம் கட்டித் திருப்பிக் கொடுக்கும் முறையும் வேலை செய்கிறது. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. அது கண்ணாடிதான், ஆனாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அது பொருந்தாமல் போகக் காரணம் எதுவும் இல்லை. அந்த உத்தரவு அரசிடமிருந்து வர வேண்டும், பேரூராட்சியால் போட முடியாது.

அடுத்து என்ன செய்யலாம்? பணம் எதுவும் திரட்டுவதற்கு முன், ஒரு வார்டை மட்டும் எடுத்து, செயல் அலுவலரின் அனுமதியோடு ஏழு நாள் மக்காத குப்பையைத் தனியாக வாங்குங்கள். ஒரு நிழலான இடத்தில் தார்ப்பாய் விரித்து, காயலான் கடைக்காரர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு வகை வகையாகப் பிரித்து எடை போடுங்கள். அவர் எந்த வகையைக் கிலோ என்ன விலைக்கு எடுப்பார், எதைத் தொட மாட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மேலே நான் போட்ட 7 சதவீதம், பாதி தேறும், 10 ரூபாய் என்ற மூன்று எண்களையும் அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளோடு மன்றக் கூட்டத்துக்குப் போகலாம். 40 லட்சத்துக்கு ஆலை தருகிறவரிடமும் அதே தாளைக் கொடுத்து, இந்தச் சரக்கை வைத்து மூன்று வருடக் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வார்டில் எத்தனை வீடு, எந்த மாவட்டம், வளம் மீட்புப் பூங்கா இருக்கிறதா என்பதை எழுதினால் கூடத்தின் அளவையும் ஆள் கணக்கையும் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.